ஓசிடிக்கு மருத்துவம் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது

ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்த, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய். அதற்காக என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வேறு ஒருவரிடம் மாதக்கணக்கில் பேசிவிட்டு வருகிறவர்கள். பேசும்போது மனசு லேசானது, வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிட்டது என்பார்கள். மனம்விட்டுப் பேசுவது மட்டும் இந்த நோய்க்குப் போதாது. அதனால் முதல் சந்திப்பிலேயே "நீங்கள் ஈஆர்பி செய்வீர்களா, எப்படிச் செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். பயத்தைக் கிளப்பும் சூழலுக்குத் தெரிந்தே போய், வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழகும் முறை அது. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதியதிலிருந்து வளர்ந்து வந்தது. "எண்ணம் வந்தால் வேறு எதையாவது நினையுங்கள்" என்பதுதான் பதில் என்றால், வேறு ஆளைத் தேடுங்கள்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன எண்ணம் வருகிறது, வந்ததும் என்ன செய்கிறீர்கள், நாளில் எவ்வளவு நேரம் போகிறது. கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது மட்டுமல்ல. மனசுக்குள் எண்ணுவது, நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது எல்லாமே கணக்குதான். சொல்லக் கூசும் எண்ணத்தையும் எழுதுங்கள். பெற்ற குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்று நடுங்கும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓசிடி தெரிந்தவர் அதைக் கேட்டு மிரள மாட்டார்.

"நீ அப்படிப்பட்டவள் இல்லை" என்று நான் ஒரு தடவை சொல்வேன். மறுவாரம் அதையே கேட்டால் சொல்ல மாட்டேன். கல்நெஞ்சம் என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆறுதல் சில நிமிடம்தான் தாங்கும், அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும். கேட்பதே இன்னொரு கை கழுவல் ஆகிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான். "பூட்டியாச்சா?" என்று பத்தாவது முறை கேட்கும்போது, "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, தெரிகிறது. ஆனால் பதில் சொல்ல மாட்டேன்" என்று அன்பாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு செய்யுங்கள், திடீரென்று நிறுத்தினால் சண்டைதான் வரும்.

ஈஆர்பி பயிற்சியை நடுத்தரப் பயம் தரும் ஒன்றில் தொடங்கலாம். கதவை ஒருமுறை பூட்டி, கைபேசியில் படம் எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் நடங்கள். பதற்றம் குறைய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அது இருக்கும்போதே அன்றைய வேலையைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

மருந்தைப் பற்றி மனநல மருத்துவரிடம் பேசுங்கள். ஃப்ளூவாக்சமின், செர்ட்ராலின் போன்றவை ஓசிடிக்குப் பல சமயம் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும்; பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.