பந்து காலுக்கு வருமுன் இரண்டு நொடி: கால்பந்து மிட்ஃபீல்டர்களுக்கான பயிற்சி

உலகத் தரமான கால்பந்து ஆட்டக்காரர் என்றதும் பைசைக்கிள் கிக்கும் 30 மீட்டர் ஷாட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் 90 நிமிட ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது சுமார் இரண்டு, மூன்று நிமிடம்தான். மிச்ச நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தரம் பிரிகிறது. பார்சிலோனா அணியின் மிட்ஃபீல்டராக, அதாவது நடுக்கள ஆட்டக்காரராக, இருந்த சாவி எர்னாண்டஸ் 1.70 மீட்டர் உயரம். ஓட்டத்தில் அவரை மிஞ்ச எத்தனையோ பேர் இருந்தார்கள். இருந்தும் அவரிடமிருந்து பந்தைப் பறிப்பது பெரும்பாடு. பந்து வருவதற்கு முன்பே எதிராளி எங்கே நிற்கிறான், அடுத்த பாஸ் எங்கே போக வேண்டும் என்று பார்த்து வைத்திருப்பார்.

இது பிறவி ஞானம் அல்ல, பழக்கம். நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியின் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்களை நெருக்கமாகப் படம் பிடித்த காட்சிகளில், பந்து வருமுன் அவர்கள் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்கள், குறிப்பாக முன்னோக்கிப் போகும் பாஸ்கள், அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. அதிகம் பார்த்தவர்களில் ஃபிராங்க் லாம்பார்ட் ஒருவர்.

எப்போது பார்ப்பது

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். "தலையைத் தூக்கு, சுற்றிப் பார்" என்று கோச் கத்துவார். பையனும் பார்ப்பான், ஆனால் பந்து தன்னை நோக்கி உருண்டு வரும்போது பார்ப்பான். பந்து முழங்காலில் பட்டுத் தெறிக்கும். பிறகு பயந்து, பார்ப்பதையே விட்டுவிடுவான்.

சரியான நேரம் வேறு. பந்து ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் யாரும் அதை மாற்ற முடியாது. அந்த ஒரு நொடி உங்களுக்கு இலவசம். அப்போது தோளைத் தாண்டிப் பின்னால் பாருங்கள். உங்களுக்கு பாஸ் கொடுக்கப் போகிறவர் பந்தைக் கட்டுப்படுத்தும் முதல் டச்சில் இன்னொரு முறை பாருங்கள். அவர் அடிக்கக் காலை வீசும்போது கண் பந்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு பார்வையும் அரை நொடிக்குள் முடியட்டும். இடது தோள் ஒரு முறை, வலது தோள் ஒரு முறை. ஒரே பக்கம் இரண்டு முறை பார்ப்பதில் பாதிதான் பயன்.

பயிற்சிக்கு மூன்று பேர் போதும். நடுவில் நீங்கள், முன்னால் 12 மீட்டரில் ஒருவர், பின்னால் 6 மீட்டரில் ஒருவர். முன்னால் இருப்பவர் முதல் டச் எடுக்கும் அதே சமயத்தில் பின்னால் இருப்பவர் சத்தமில்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்: நின்ற இடத்திலேயே நிற்பார் அல்லது உங்கள் முதுகை நோக்கி ஓடி வருவார். நின்றால் பந்தோடு திரும்ப வேண்டும்; வந்தால் ஒரே டச்சில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்துப் பந்துக்கு ஒரு முறை இடம் மாறி, ஆளுக்கு நான்கு சுற்று. பத்தில் எட்டு முடிவு சரியாக வந்தால் பின்னால் இருப்பவரை 4 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள்.

"மேன் ஆன்" (பின்னால் ஆள் வருகிறான்) என்று குரல் கொடுத்து உதவுவது ஆட்டத்துக்கு நல்லது, இந்தப் பயிற்சிக்குக் கெடுதல். காது வேலை செய்தால் கண் சோம்பேறியாகிவிடும். தலை ஆடினாலே பார்த்ததாக ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள். சிலர் கோச்சுக்காக மட்டும் தலையாட்டுவார்கள். சந்தேகமாக இருந்தால் பின்னால் நிற்பவரை விரல் காட்டச் சொல்லி, எத்தனை என்று கேளுங்கள்.

உடம்பை எப்படி வைப்பது

பார்த்த தகவல் பயன்பட வேண்டுமானால் உடம்பு பாதி திரும்பியிருக்க வேண்டும். பாஸ் கொடுப்பவருக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றால் பந்து வந்த வழியேதான் திரும்பிப் போகும். ஒரு தோள் பாஸ் கொடுப்பவர் பக்கம், மறு தோள் எதிரணி கோல் பக்கம் என்று பக்கவாட்டில் நின்று, பந்தைக் குறுக்கே ஓடவிட்டு, தள்ளியிருக்கும் காலின் உள்பாதத்தில் வாங்குங்கள். அதே டச்சில் முன்னோக்கித் திரும்பிவிடலாம்.

இதுவும் எப்போதும் சரிவராது. பாஸ் மெதுவாக வந்தால் எதிராளி குறுக்கே புகுந்துவிடுவான். அப்போது காத்திருக்காமல் பந்தை நோக்கி இரண்டு எட்டு போய் வாங்க வேண்டும். ஆள் முதுகில் ஒட்டியிருந்தால் திரும்ப முயலாதீர்கள். முழங்காலை மடித்து, அவனுக்கும் பந்துக்கும் நடுவில் உடம்பை வைத்து, அவனுக்குத் தூரமான காலால் தொடுங்கள்.

முதல் டச்

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 116-வது நிமிடத்தை ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்பெயினின் ஃபாப்ரிகாஸ் கொடுத்த பாஸை சக வீரர் இனியெஸ்டா வலது காலால் வாங்குகிறார், பந்து லேசாக எழும்பித் துள்ளுகிறது, இறங்கும்போது அடிக்கிறார். அந்த டச் இன்னும் அரை மீட்டர் தள்ளிப் போயிருந்தால், தடுக்க விழுந்து வந்த எதிரணி வீரர் முந்தியிருப்பார். பந்தை அசையாமல் நிறுத்துவது நல்ல டச் என்று பலர் நினைக்கிறார்கள். காலடியில் செத்துக் கிடக்கும் பந்தை அடிக்க இன்னொரு டச் வேண்டும், அதற்குள் ஆள் வந்துவிடுவான். இடம் இருந்தால் ஒரு எட்டு தூரம், சுமார் ஒரு மீட்டர், போக வேண்டிய பக்கமாகத் தள்ளிவிடுங்கள். நெருக்கடியில் அரை மீட்டருக்குள்.

தனியாகப் பழக ஒரு சுவர் போதும். 5 மீட்டரில் நின்று, பந்து திரும்பி வருவதற்குள் ஒரு தோள் பார்த்து, இரண்டு பக்கமும் வைத்த கற்களில் ஒன்றைத் தாண்டி முதல் டச். வலது காலில் 50, இடது காலில் 100. ஆம், பலவீனமான காலுக்கு இரட்டிப்பு. கணுக்கால் தளர்ந்திருந்தால் பந்து விரல்களில் பட்டு எகிறும். தொடும் நொடியில் கணுக்காலை இறுக்கி, பாதத்தைச் சற்றே பின்னிழுங்கள். குதிகால் தரையில் ஊன்றி நிற்பவருக்கு இது வராது. உடல் எடை முன்பாதத்தில் இருக்கட்டும்.

பந்தையும் பாருங்கள். 5-ஆம் அளவு பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் என்பது விதி. காய்ந்த மண் மைதானத்தில் கல் போல ஊதிய பந்தை வைத்து டச் பழகினால் யாருக்கும் வராது. குறைந்த எல்லையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 4-ஆம் அளவு.

எல்லாவற்றையும் சேர்ப்பது

ரொண்டோ: 8 மீட்டர் சதுரம், வெளியே பாஸ் கொடுத்துக்கொள்ளும் நான்கு பேர், உள்ளே பந்தைப் பறிக்க விரட்டும் இரண்டு பேர், வெளியே இருப்பவர்களுக்கு இரண்டு டச்சுக்கு மேல் கூடாது. 90 நொடி ஆட்டம், 30 நொடி ஓய்வு, ஆறு சுற்று. பந்து நன்றாகச் சுழன்றால் 7 மீட்டராகச் சுருக்குங்கள். நான்கு பாஸ் கூடத் தாங்கவில்லை என்றால் 10 ஆக்குங்கள். விரட்டுபவர்கள் ஒப்புக்கு ஓடினால் இது வெறும் பொழுதுபோக்கு.

ஓட்டம், தூக்கம், சாப்பாடு எல்லாம் தேவைதான். ஆனால் அவற்றைப் பற்றிச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. ஒன்று மட்டும்: களைத்தவன் முதலில் கைவிடுவது பார்ப்பதைத்தான். கால் ஓடிக்கொண்டிருக்கும், தலை நின்றுவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது இந்த ரொண்டோவைப் பயிற்சியின் கடைசியில், கால் கனக்கும்போது வையுங்கள். குரோஷியாவின் மிட்ஃபீல்டர் மோட்ரிச் 33 வயதில், 2018-இல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கினார். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் குரோஷியா இறுதிக்கு முன் ஆடிய மூன்று நாக் அவுட் (தோற்றால் வெளியேற வேண்டிய) ஆட்டங்களும் கூடுதல் நேரம் வரை போனவை.

முன்னேற்றத்தை அளக்க மைதானத்துக்கு வெளியே ஒருவர் கைபேசியில் உங்களை மட்டும், பந்தை அல்ல, ஆட்டத்தின் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் படம் எடுத்தால் போதும். பந்து வருமுன் உள்ள 10 நொடிகளில் எத்தனை முறை தலை திரும்பியது என்று ஒவ்வொரு தடவைக்கும் எண்ணி எழுதுங்கள். ஒன்று, இரண்டில் தொடங்குபவர்கள் ஐந்தைத் தாண்ட மாதங்கள் ஆகலாம். இரண்டு பத்து நிமிடங்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். முதலில் ஆறும் கடைசியில் இரண்டும் வந்தால், அடுத்த வாரம் ரொண்டோவுக்கு முன் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.