லேப்டாப் திரையில் கோளாறு: பேனலா, கேபிளா, போர்டா?

திரை கறுத்ததும் "டிஸ்ப்ளே போச்சு" என்று புதுப் பேனல் வாங்கிவிடுகிறார்கள். மாட்டிய பிறகும் அதே கறுப்பு. படத்தை உருவாக்குவது மதர்போர்டு, அதைக் கொண்டுபோவது கீல் வழியே ஓடும் மெல்லிய கேபிள், காட்டுவது பேனல். கோளாறு இந்த மூன்றில் எதில் என்பதைப் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், லேப்டாப் உண்மையிலேயே ஓடுகிறதா? கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அசைவே இல்லை என்றால் திரையை விட்டுவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அப்படியும் எழவில்லை என்றால் ரேமை (நினைவகப் பலகையை) கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் அடுத்தது. பீப் ஒலியோ விளக்குச் சிமிட்டலோ வந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பொருள் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

ஓடுகிறது, ஆனால் திரை கறுப்பு என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது படத்தைக் கையாளும் மென்பொருள், புதிதாகத் தொடங்கும். அதில் தேறாவிட்டால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். ஐகான்களோ லாகின் பெட்டியோ மங்கலாகத் தெரிந்தால் பேனலுக்குப் படம் வந்து சேர்கிறது; பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு, மட்டும் எரியவில்லை. பிரைட்னஸ் அடிமட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேபிள், போர்டில் உள்ள பேக்லைட் ஃபியூஸ், பேனலின் எல்ஈடி பட்டை என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். ஓஎல்ஈடி திரைக்குப் பேக்லைட்டே கிடையாது; டார்ச் அங்கே எதையும் சொல்லாது.

அடுத்து ஹெச்டிஎம்ஐ வழியாக ஒரு மானிட்டரையோ டிவியையோ இணையுங்கள். தானாகப் படம் வராவிட்டால் விண்டோஸ் விசையும் பி (P) விசையும் அழுத்தி, கீழ் அம்பு, என்டர். வெளித்திரையிலும் அதே கோடுகள், அதே கட்டங்கள் என்றால் கிராஃபிக்ஸ் சிப்போ டிரைவரோதான் காரணம். வெளியே படம் சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது பேனல் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ ஒரு சிப்பிலும் உள்திரை இன்னொன்றிலும் இணைந்திருக்கலாம். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பாதீர்கள்.

விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் கோடு தெரிந்தால் விண்டோஸ் மேல் பழியில்லை. விண்டோஸுக்குள் மட்டும் திரை துடித்தால் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்: அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர், அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப்தான் காரணம். டெல் லேப்டாப் என்றால் வேலை இன்னும் எளிது. அணைத்துவிட்டு, டி (D) விசையை அழுத்தியபடி பவர் பட்டனைத் தட்டுங்கள். திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக மாறி வரும். நிறங்களைக் காட்டுவது பேனலின் சொந்தச் சோதனை. அவை சுத்தமாக வந்தால் பேனல் நல்லது.

கேபிளைக் காட்டிக்கொடுப்பது கீல். மூடியை மிக மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படம் போய் வந்தால், மடிந்து மடிந்து கேபிளின் உள்கம்பி அறுந்திருக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு: லேப்டாப் மூடியிருப்பதை உணரும் சென்சார் காந்தத்தால் இயங்குவது. காந்தப் பட்டை வைத்த வாட்ச்சோ, அடியில் வைத்த இன்னொரு லேப்டாப்போகூடத் திரையை அணைத்துவிடும்.

மூடியை அசைத்தாலும் மாறாமல், எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய செங்குத்துக் கோடு பேனலின் ஓரத்தில் ஒட்டப்பட்ட சிப் பட்டை விட்டுப்போனதன் அடையாளம். ஓரத்தை லேசாக அழுத்தினால் கோடு மறைந்து திரும்பலாம். அதைச் சரிசெய்ய வீட்டில் வழியில்லை. மை கொட்டியதுபோல் கறுப்பு பரவினால் கண்ணாடி உடைந்துவிட்டது. எந்தச் சோதனையும் தேவையில்லை.

திறந்து பார்க்க முடிவெடுத்தால் சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, பேட்டரி கனெக்டரையும் கழற்றியாக வேண்டும். திரை கேபிளில் பேக்லைட்டுக்கான மின்சாரமும் வருகிறது; அது உயிரோடிருக்கும்போது கேபிள் கோணலாக ஏறினால் ஃபியூஸ் போய்விடும். பிறகு எத்தனை பேனல் மாற்றினாலும் வெளிச்சம் வராது. பேனலின் பின்புறக் கனெக்டரில் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்து, கம்பி லாக் இருந்தால் தூக்கிவிட்டு, கேபிளைப் பேனலோடு ஒட்டினாற்போல் நேராக இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் சாக்கெட்டே பெயர்ந்து வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, திரும்ப மாட்டுங்கள். போர்டு பக்க முனைக்கும் இதே வேலை. பேக்லைட் ஃபியூஸைச் சந்தேகித்தால், பேட்டரி கழன்ற நிலையிலேயே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் நிலையில்) வைத்து ஃபியூஸின் இரு முனைகளையும் தொடுங்கள். பீப் வராவிட்டால் அது போய்விட்டது.

பேனல் வாங்கும்போது லேப்டாப் மாடலை நம்பாதீர்கள். ஒரே மாடலில் பல பேனல்கள் வருவதுண்டு. பின்புற லேபிளில் இருக்கும் பேனல் எண்ணைப் பாருங்கள். அளவு, ரெசல்யூஷனோடு கனெக்டரும் ஒத்துப்போக வேண்டும்: 60 ஹெர்ட்ஸ் சாதாரணத் திரைகளில் பெரும்பாலும் 30 பின், டச் திரைகளிலும் 120, 144 ஹெர்ட்ஸ் திரைகளிலும் பெரும்பாலும் 40 பின். ஸ்க்ரூ காதுகள் இருக்கும் இடத்தையும் ஒப்பிடுங்கள். கேபிள் என்றால் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்துத் தேடலாம். புதியதை மாட்டியதும் ஓரச் சட்டத்தை உடனே ஒட்டிவிடாமல், ஒருமுறை ஆன் செய்து மூடியை முழுக்கத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.