ஆயில் அளவு கூடினால் கிக்கரை மிதிக்காதீர்கள்

பழைய பைக்கில் இன்ஜின் ஆயில் குறைவது வழக்கம். கூடினால்தான் பயப்பட வேண்டும். ஆயில் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை, இரண்டு விரலில் வைத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை என்றால், டேங்கில் இருந்த பெட்ரோல், இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேசுக்குள் இறங்கியிருக்கிறது.

"கொஞ்ச தூரம் ஓட்டினால் ஆவியாகிவிடும்" என்று வண்டியைக் கிளப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்விடும், உலோகத்தின் மேல் படலமாக நிற்காது. ஸ்ப்ளெண்டரில் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் ராக்கர் ஆர்மும் உரசித் தேயும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் நிலைமை இன்னும் மோசம். அதில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது ஃப்ளோட்டிங் புஷ், அதாவது ஆயில் படலத்தில் சுழலும் உலோக வளையம். ஆயில் படலம் இல்லாமல் அது நீடிக்காது. வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போவது நல்லது.

பெட்ரோல் வரும் வழி

டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. நடுவில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையில் இறங்குகிறது. கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் ஃப்ளோட் என்ற மிதவை எழுந்து, நீடில் என்ற ஊசியை அதன் சீட்டில் அழுத்தி வழியை மூடும். நீடில் நுனி தேய்ந்திருந்தாலோ, டேங்க் துரு ஒரு துணுக்கு அதில் சிக்கியிருந்தாலோ வழி முழுதாக மூடாது. கிண்ணம் நிரம்பி வழியும் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ டியூப் வழியாகத் தரையில் சொட்ட வேண்டும். அந்த டியூபும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கமோ ஏர் ஃபில்டர் பக்கமோ பாயும்.

வண்டியை நிறுத்தும்போது இன்டேக் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங் இடைவெளி வழியே ஆயிலுக்கு இறங்கும். வால்வு மூடியிருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டி நனையும். ஒரு நாள் ஆயில் ஏறுவதும் மறுநாள் ஒன்றும் ஆகாமல் இருப்பதும் இதனால்தான். "நேற்று நல்லாத்தானே இருந்தது" என்று விட்டுவிடாதீர்கள், கோளாறு அங்கேயேதான் இருக்கிறது.

ரிங்கைக் குறை சொல்வது

ஆயிலில் பெட்ரோல் என்றதும் "ரிங் போயிடுச்சு, போர் பண்ணணும்" (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்) என்று சொல்லிவிடுகிறார்கள். புத்தம் புது ரிங்கிலும் இரு முனைகளுக்கு நடுவே 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டுத்தான் மாட்டுகிறார்கள். இரவு முழுக்கச் சிலிண்டரில் தேங்கும் பெட்ரோலுக்கு அந்த இடைவெளி தாராளம். புகை இல்லை, இழுவை குறையவில்லை என்றால் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் இன்ஜினுக்கு மேலேதான் இருக்கும். டேங்கில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சோதித்து வாருங்கள்.

பெட்ரோல் டேப்

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரிப் பக்கம் போனால் ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். அதில் தவறு இல்லை. தேவனாம்பட்டினம், முதுநகர் போன்ற இடங்களின் உப்புக் காற்றில் பாதி காலியான டேங்க் உள்ளே சீக்கிரம் துருப்பிடிக்கும், நிறைந்த டேங்க் அதைத் தடுக்கும். தவறு, டேப்பை ஆனில் விட்டுவிட்டுத் தூங்கப் போவது. நிறைந்த டேங்கின் பெட்ரோல் அழுத்தம் இரவெல்லாம் ஒரு சின்ன நீடிலின் மேல் நிற்கும். அரை மணி நேரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேப்பை ஆஃப் செய்யுங்கள்.

ஆஃப் செய்தும் சில டேப்கள் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் துளையிட்ட ரப்பர் வாசர் காய்ந்து இறுகியிருக்கும். பழைய வண்டிகளின் ரப்பர், 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டதல்ல. சிலவற்றில் உப்பும், சிலவற்றில் விரிசல் விடும். சோதனை எளிது: டேப்பை ஆஃபில் வைத்து, கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நாலு சொட்டு விழுந்திருந்தாலும் வாசரையோ டேப்பையோ மாற்ற வேண்டியதுதான். இன்ஜின் ஓடும்போது மட்டும் தானாகத் திறக்கும் வாக்குவம் டேப் உள்ள வண்டியில் இன்ஜினுக்குப் போகும் மெல்லிய டியூபையும் கழற்றிப் பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது, பெட்ரோல் கார்புரேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குள் போகிறது.

சொட்டுகிறதே என்று அடைப்பது

ஓவர்ஃப்ளோ டியூபில் பெட்ரோல் சொட்டினால் அதை மடித்துக் கட்டுபவர்களும் ஸ்க்ரூ செருகி அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொட்டு, நீடில் பழுதாகிவிட்டதை முன்கூட்டியே சொல்லும் எச்சரிக்கை. அதை அடைத்தால் பெட்ரோலுக்கு மிச்சம் இருப்பது இன்ஜினும் ஏர் ஃபில்டரும்தான். யாரும் அடைக்காமலே அடைபடுவதும் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டியூப் முனையில் குளவி மண் கூடு கட்டிவிடும். கழற்றி ஒருமுறை ஊதிப் பாருங்கள்.

நீடிலில் நடக்கும் அரைகுறை வேலை

கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் சிக்கிய துணுக்கு நகர்ந்து சொட்டு நிற்கும். அன்றைக்கு வீடு போய்ச் சேர அது உதவும், பழுது நீங்கியதாக ஆகாது.

கிண்ணத்தைத் திறந்து நீடிலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் வளையம்போல் ஒரு தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். பின்புறக் குச்சி அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். புல்லட்டின் மிக்கார்ப் போன்ற கார்புரேட்டர்களில் சீட்டும் மரை போட்டுக் கழற்றக்கூடியது. நீடிலை மட்டும் மாற்றாமல் இரண்டையும் ஜோடியாக, அடி வாசரோடு மாற்றுங்கள். புது நீடில் பழைய சீட்டில் சரியாக உட்காராது. சீட் பாடியோடு சேர்ந்தே வரும் கார்புரேட்டர்களில் காது குடையும் பஞ்சுக் குச்சியில் மெட்டல் பாலிஷ் தொட்டு மெதுவாகத் துடைத்துக் கழுவலாம். சீட்டில் தடம் ஆழமாக விழுந்திருந்தால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்.

பித்தளை ஃப்ளோட்டை காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை இருக்கிறது, பெட்ரோல் ஏறி கனத்துவிட்ட ஃப்ளோட் எழாது. ஃப்ளோட் உயரத்தை வைக்கும்போது அந்த மாடலுக்குரிய அளவைப் பாருங்கள். சொட்டை நிறுத்துவதற்காக ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து பெட்ரோல் மட்டத்தைக் குறைத்தால் கிண்ணத்தில் பெட்ரோல் போதாமல் வண்டி வேகத்தில் திக்கும், இன்ஜின் சூடேறும்.

துருவை மறக்கக் கூடாது. டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பொடி தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்து, டேப்பின் வலையைக் கழுவி, டியூபில் ஒரு பேப்பர் ஃபில்டர் போட்ட பிறகுதான் புது நீடில் நிலைக்கும்.

ஆயிலை வடிக்கும்போது

ஆயில் மாற்றுமுன் இன்ஜினைச் சூடாக்கும் வழக்கம் இங்கே வேண்டாம். குளிர்ந்த நிலையிலேயே வடியுங்கள். கிக்கர் பாதியில் கல்லாக நின்றால் சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருக்கிறது. அதன் மேல் ஏறிக் குதித்தாலோ செல்ஃப் அடித்தாலோ கனெக்டிங் ராடு வளையக்கூடும். சாவியை ஆஃப் செய்து, டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பிளக் துளை வழியே பெட்ரோல் பீய்ச்சும், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டைச் சந்துகளில் இரவில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்துபவர்கள் இந்த வேலையை அங்கே செய்யக் கூடாது. குத்துவிளக்கும் கேஸ் அடுப்பும் இல்லாத வெளி இடத்துக்குத் தள்ளிப் போய்ச் செய்யுங்கள். வடித்த ஆயிலில் பெட்ரோல் இருக்கிறதா என்று தீக்குச்சி உரசிப் பார்க்கிறார்கள், அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஸ்ப்ளெண்டரில் 17 நம்பர் ஸ்பேனரால் டிரெயின் நட்டைத் திறந்து நன்றாக வடியவிட்டு, அந்த மாடலுக்குரிய அளவு புது ஆயில் ஊற்ற வேண்டும். அளவு பார்க்கும்போது வண்டி மெயின் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும், ஸ்டிக்கை மரை சுற்றாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும்.

காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஆயில் ஸ்டிக்கை நம்பவே கூடாது. அதில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு. பெட்ரோல் இறங்குவதோ கிராங்க் பக்கம். இன்ஜின் சுழன்று பம்ப் இழுக்கும்வரை ஸ்டிக் சரியான அளவையே காட்டும். நெடுநாள் நின்ற வண்டியில் ஆயில் தானாகக் கிராங்க் பக்கம் கசிந்து ஸ்டிக்கில் குறைவாகவும் தெரியும். அதைப் பார்த்து மேலே ஊற்றுவது இன்னொரு தவறு. கிராங்க் கேசின் அடி நட்டைத் திறந்து என்ன வருகிறது என்று பாருங்கள். ஆயில் அறை, கிராங்க் கேஸ் இரண்டையும் வடித்து, ஃபில்டரையும் மாற்றுங்கள்.

மழை வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஆயில் ஏறியிருந்தால் காரணம் தண்ணீராக இருக்கலாம். அப்போது ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். பெட்ரோல் கலந்த ஆயில் கறுப்பாகவே இருந்து நீர்த்திருக்கும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கதை வேறு. கியர் ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் நீடிலோடு சேர்த்து கிளட்ச் பக்கத்து கிராங்க் சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் மிகவும் நீர்த்திருந்தால் புது ஆயிலில் 50, 100 கிலோமீட்டர் ஓட்டியபின் அதையும் வடித்து இன்னொருமுறை ஊற்றுங்கள், மூலையில் தேங்கியது அப்போதுதான் முழுதாகப் போகும். வடித்ததைச் சாக்கடையில் விட்டால் கெடிலம் ஆற்றுக்கோ உப்பனாற்றுக்கோ போய்ச் சேரும். கரையானுக்கு மரத்தில் பூசவும் இது ஆகாது, பெட்ரோல் கலந்திருப்பதால் தீப்பிடிக்கும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெட்ரோல் கலந்தது என்று சொல்லியே மெக்கானிக் கடையின் கழிவு ஆயில் பேரலுக்குக் கொடுங்கள்.