ஸ்கியாபரெல்லி உடைகளைத் தையல்காரி கண்ணால் பார்ப்பது எப்படி?

பிளவுஸ் தைப்பது என் தொழில். எந்த உடையைப் பார்த்தாலும் கண் முதலில் தையலுக்குத்தான் போகும். பாரிஸில் உடை வடிவமைத்த எல்சா ஸ்கியாபரெல்லியின் சர்ரியலிச உடைகளை, அதாவது கனவு போல நிஜத்தைப் புரட்டிக் காட்டும் கலைப் பாணி உடைகளை, கண்காட்சியில் பார்க்கப் போகிறீர்களா? வேடிக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகராதீர்கள். அச்சா, வெட்டி ஒட்டியதா, எம்பிராய்டரியா, பஞ்சு அடைத்ததா என்று ஒவ்வொன்றின் முன்னாலும் கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கொஞ்சம் நில்லுங்கள், கண் பழகட்டும். வெளிச்சம் பட்டால் பழைய துணி கெட்டுப்போகும் என்பதால் மங்கலாகத்தான் விளக்குப் போடுவார்கள். 1938-இன் ‘கிழிசல் உடை’யே சாட்சி: இன்று வெள்ளையாகத் தெரியும் அந்தத் துணி முதலில் வெளிர்நீலம். அதில் உள்ள கிழிசல்கள் சர்ரியலிச ஓவியர் சால்வதோர் டாலி வரைந்து, துணியில் அச்சடித்தவை. முக்காட்டில் மட்டும் உண்மையாகவே வெட்டி, அடியில் இளஞ்சிவப்புத் துணி வைத்திருக்கிறார்கள். எது பொய், எது நிஜம் என்று ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே ஆண்டின் ‘எலும்புக்கூடு உடை’க்கு நிறைய நேரம் கொடுங்கள். கிழிசல் உடையைப் போலவே இதுவும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சொத்துதான். கருப்புத் துணியை இரண்டு அடுக்காக வைத்து, விலா எலும்பின் வடிவத்தைச் சுற்றித் தைத்து, பின்பக்கமாகப் பஞ்சைத் திணித்து மேடாக்கியிருக்கிறார்கள். மெல்லிய கிரேப் துணியில் இதைச் செய்து பாருங்கள், துணி சுருங்கி இழுத்துக்கொள்ளும். இங்கே உடம்போடு ஒட்டி வழுவழுவென்று இறங்குகிறது. நேர் எதிரே நின்றால் கருப்புக் கவுன், அவ்வளவுதான். பக்கவாட்டில் நகர்ந்தால்தான் எலும்பு எழும்பும். அப்படியே விலாப்பக்கத்து பிளாஸ்டிக் ஜிப்பையும் பாருங்கள். நாங்கள் ஒளித்துத் தைப்பதை இந்த அம்மா வெளியே காட்டுகிறார்!

அப்புறம் முதுகுப் பக்கம். 1937-இல் பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ழான் காக்டோ வரைந்து கொடுத்த மேலங்கியை முன்னால் நின்று பார்த்து என்ன பயன்? வேலை முழுக்கப் பின்னால். எதிரெதிரே இரண்டு முகங்கள், நடுவில் உள்ள இடைவெளி ஒரு பூச்சாடி, அதற்கு மேல் தோள்வரை ரோஜாக்கள். எம்பிராய்டரி லெசாஜ் பட்டறையுடையது.

டாலியின் சிங்கிறால் உடை அச்சு வேலை, சீக்கிரம் பார்த்துவிடலாம்.

ஸ்கியாபரெல்லி தொடங்கிய நிறுவனத்துக்கு 2019 முதல் டேனியல் ரோஸ்பெரி வடிவமைக்கிறார். 2022-23-இல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் அவர் உடைகளையும் பழையவற்றோடு வைத்தார்கள். 2021-இல் கான் திரைப்பட விழாவில் மாடல் பெல்லா ஹடீட் போட்டிருந்தாரே, நுரையீரல் வடிவில் பொன்முலாம் பூசிய பித்தளை நகை, அது ரோஸ்பெரியுடையது. போட்டோவில் ஜொலிக்கும். என் ஓட்டு பஞ்சு எலும்புக்குத்தான்.

விளக்க அட்டையைக் கடைசியில் படியுங்கள், அதிலும் துணி, நூல் பற்றிய வரியை. குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள். பல அரங்குகளில் பேனாவுக்கு அனுமதி இல்லை.