ஏணை ஆடும் நேரத்தில் குரோஷே: கைக்குழந்தைக்கு ஒரு தொப்பியும் ஒரு விரிப்பும்

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எந்த வேலையும் ஒரே இருப்பில் முடியாது. கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷே அந்த வீட்டுக்கு ஒத்துவருகிறதென்றால், ஒரு தையல் முடிந்ததும் ஊசியில் ஒரேயொரு கண்ணிதான் நிற்கும் என்பதால்தான். இரண்டு ஊசியில் பின்னுகிறவர் ஐம்பது அறுபது கண்ணியைக் காப்பாற்ற வேண்டும். பிள்ளை வீரிட்ட அவசரத்தில் ஊசி உருவினால் வரிசையே போய்விடும். இங்கே அந்த ஒரு கண்ணியை நடுவிரல் நீளத்துக்கு இழுத்துவிட்டு, ஊசியைக் கழற்றிக்கொண்டு எழும்பலாம். கண்ணியை இழுக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனால், யாராவது நூலில் தட்டியதும் ஏழெட்டுத் தையல் கழன்றிருக்கும்.

சுற்று எங்கே தொடங்கியது என்று அடையாளம் வைக்கப் பலர் ஊக்குக் குத்துகிறார்கள். பிள்ளை உள்ள வீட்டில் அது வேண்டாம், என்றைக்காவது பாயில் விழும். வேறு நிற நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, முதல் தையலுக்கும் கடைசித் தையலுக்கும் இடையே குறுக்கே போட்டாலே போதும். எத்தனையாவது சுற்று என்பதைக் கொப்பியில் கோடு போட்டு வையுங்கள். இரவில் மூன்று தரம் எழும்பிய தலைக்கு அது நினைவிருக்காது.

நூலுக்கு வருவோம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பிள்ளைக்குச் சட்டையே பாரம். கடையில் மலிவாகவும் மெத்தென்றும் கிடைக்கிற அக்ரிலிக் ஊல் வியர்வையை உறிஞ்சாது. கழுத்திலும் நெற்றியிலும் வியர்க்குரு போடும். பருத்தி நூல்தான் நமது ஊருக்குச் சரி. எட்டு இழை என்று விற்கிற நடுத்தரப் பருத்தி நூலும், 3.5 மி.மீ. ஊசியும் வாங்குங்கள். நூலைக் கையில் பார்க்காமல் உங்கள் மேலுதட்டில் உரசிப் பாருங்கள். அங்கே குத்தினால் பிள்ளைக்கும் குத்தும். பளபளக்கிற ஜரிகை, மயிர் நீட்டிய ஊல் இரண்டையும் விடுங்கள், அந்த மயிர் பிள்ளையின் வாய்க்குள்தான் போகும்.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. யூடியூப்பில் அமெரிக்கர் ‘டபிள் குரோஷே’ என்று சொல்வதும், பழைய பிரித்தானியப் புத்தகங்களில் ‘ட்ரெபிள்’ என்று இருப்பதும் ஒரே தையல். அமெரிக்கரின் ‘சிங்கிள்’தான் பிரித்தானியரின் ‘டபிள்’. ஒன்றைப் பார்த்து மற்றதைப் பின்னினால் தொப்பி பாதி உயரத்தில் நிற்கும், அல்லது கண்ணுக்குக் கீழே இறங்கும். இங்கே குழப்பமே வேண்டாம். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக் குத்தி, நூலை எடுத்து, இரண்டிரண்டாக இருமுறை கழற்றுவது நெட்டைத் தையல். சுற்றாமல் குத்தி, நூலை எடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கழற்றுவது குட்டைத் தையல்.

தொப்பி

பிறந்தபோது எடுத்த தலைச்சுற்றளவு கிளினிக் கொப்பியில் இருக்கும், ஆனால் அதை நம்பிப் பின்ன வேண்டாம். பிறக்கும்போது 35 செ.மீ. அளவில் இருக்கிற தலை, மூன்று மாதத்தில் 40ஐ நெருங்கிவிடும். அளவு நாடாவைப் புருவத்துக்கு மேலாகவும், காதுக்கு மேலாகவும், பிடரியில் துருத்தி நிற்கிற இடத்தின் மேலாகவும் சுற்றி எடுங்கள். நாடா இல்லாவிட்டால் ஒரு நூலால் சுற்றி அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். வந்த அளவில் 2 செ.மீ. குறையுங்கள், பருத்தி இழுபடும்.

ஊசியிலுள்ள கண்ணிக்குள்ளால் நூலை இழுத்தெடுப்பது ஒரு சங்கிலி. நான்கு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் குத்தி, நூலை எல்லாவற்றுக்குள்ளாலும் இழுத்து வளையமாகச் சேருங்கள். மூன்று சங்கிலி ஏறுங்கள், அது முதல் நெட்டைத் தையலாகக் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் 11 நெட்டை போட்டு, ஏறிய சங்கிலியின் உச்சியில் இணைத்தால் 12. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டிரண்டு, 24. மூன்றாவதில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறி, 36. நான்காவதில் இரண்டு தனித்தனி, மூன்றாவதில் இரட்டை, 48. ஐந்தாவதில் மூன்று தனி, நான்காவதில் இரட்டை, 60.

இப்போது வட்டத்தை மேசையில் வைத்து அளந்து பாருங்கள். குறுக்களவு பத்தரை முதல் 11 செ.மீ. இருந்தால் புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குச் சரி. தலை 40 செ.மீ. என்றால் இன்னுமொரு சுற்று: ஒன்பது தனி, பத்தாவதில் இரட்டை, மொத்தம் 66. அதற்குப் பிறகு கூட்டாமல் ஏழு சுற்று, பெரிய தலைக்கு எட்டு. விளிம்புக்கு இரண்டு சுற்றுக் குட்டைத் தையல். 50 கிராம் பந்து ஒன்றில் நூல் மிஞ்சும்.

வட்டம் கிண்ணம்போல் குவிந்தால் எங்கோ இரட்டை போட மறந்திருக்கிறீர்கள், அல்லது கை இறுக்கம். சேலை ஓரம்போல் அலையடித்தால் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். ஆரம்பக்காரருக்கு அதிகம் நடப்பது வேறொன்று: இணைத்த முடிச்சையும் ஒரு தையலென்று எண்ணி அதிலும் குத்திவிடுவது. சுற்றுக்கு ஒன்றாகக் கூடி 67, 68 என்று போய்க்கொண்டிருக்கும், தொப்பி மணிபோல் விரியும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண்ணுங்கள். எண்ணி முடியும் வரை பிள்ளை பொறுக்காது, அதற்குத்தான் அந்த அடையாள நூல்.

தொப்பியைப் போட்டபடி பிள்ளையை ஏணையில் தூங்கவைக்க வேண்டாம். அம்மம்மாவோ மூத்தம்மாவோ கோபிக்கக்கூடும். ஆனால் சின்னப் பிள்ளைகளின் உடற்சூட்டில் கணிசமான பங்கு தலைவழியாக வெளியேறுகிறது, அதை மூடினால் பிள்ளைக்குச் சூடு மிஞ்சும். வெளியே கொண்டுபோகும்போது போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறும் வேண்டாம், கண்போலத் தைக்கிற பொத்தானும் வேண்டாம். பூ வேண்டுமென்றால் நூலாலேயே தைத்துவிடுங்கள்.

விரிப்பு

பெரிய விரிப்பை ஒரே துண்டாகத் தொடங்கியவர்களில் பலர் அதை முடிப்பதில்லை. மடியில் பாரம், சூடு, பிள்ளையைத் தூக்கவும் முடியாது. சதுரம் சதுரமாகப் பின்னுங்கள். எல்லோரும் போடுகிற ஓட்டைச் சதுரம் அழகுதான், ஆனால் அந்த ஓட்டைக்குள் பிள்ளையின் விரல் போய்ச் சிக்கும். நெருக்கமான சதுரமே நல்லது.

நான்கு சங்கிலி வளையத்துக்குள் மூன்று நெட்டை, இரண்டு சங்கிலி என்று நான்கு முறை. அடுத்த சுற்றிலிருந்து தையலுக்கு ஒரு நெட்டை. மூலையில் வருகிற சங்கிலி இடைவெளியில் இரண்டு நெட்டை, இரண்டு சங்கிலி, இரண்டு நெட்டை. ஒரு பக்கத்துத் தையல்கள் 3, 7, 11, 15 என்று வளரும். நான்கு சுற்றோடு நிறுத்தினால் சுமார் 9 செ.மீ. சதுரம். அகலத்துக்கு ஏழு, நீளத்துக்கு ஒன்பது, மொத்தம் 63. முதல் பந்தில் எத்தனை சதுரம் வந்ததென்று பார்த்து மீதிப் பந்துகளை ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த மாதம் போனால் அதே நிறம் கிடைத்தாலும் சாயம் ஒத்துவராது. இதுவும் பிள்ளை விழித்திருக்கையில் பாயில் விரிக்கத்தான். தூங்கும்போது மேலே போர்த்த அல்ல.

தொடக்கத்திலும் முடிவிலும் 15 செ.மீ. நூல் விட்டு, தடித்த ஊசியால் ஒரு பக்கம் ஓட்டி, திருப்பி, மீண்டும் ஒரு பக்கம் ஓட்டி வெட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டிய நூல் நாலு சலவையில் வெளியே வந்துவிடும். வெளியே வந்த நூல் கால்விரலைச் சுற்றினால் விரல் வீங்கி இரத்தம் ஓடாமல் போகும். தலைமுடியும் அப்படித்தான்: பிரசவமாகி மூன்று மாதமளவில் தாய்க்கு முடி கொட்டத் தொடங்கும், நீங்கள் பின்னுகிற தையலுக்குள்ளேயே அது சேர்ந்துவிடும். தலையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். பிள்ளை காரணம் தெரியாமல் அழுதால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். சுற்றியதை எடுக்க முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

பிள்ளையை எண்ணெய் தடவிக் குளிப்பாட்டிய கையோடு வெள்ளை நூலைத் தொடாதீர்கள், அந்தக் கறை எளிதில் போகாது. வேலையை மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வையுங்கள். ஓலைப் பெட்டியின் சிலாம்பு நூலை இழுக்கும். பால் கொடுத்துக்கொண்டே பின்ன வேண்டாம். பிள்ளையைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே களைத்த மணிக்கட்டு அது. கட்டைவிரல் அடியில் வலி தொடங்கினால் சில நாள் ஊசியைத் தொடாமலிருந்து, குறையாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

பிள்ளைக்குப் போடுமுன் ஒருதரம் கழுவ வேண்டும். சிவப்பு, கருநீலம் என்றால் முதலில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்திச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள். மென்மையான சவர்க்காரத்தில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் நீண்டுவிடும், கம்பி வேலியில் போட்டால் முள் இழுக்கும். மார்கழி மழையில் தடித்த பருத்தி இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாட்களில் ஃபேனுக்குக் கீழே கதிரைமேல் விரித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிவிடுங்கள்.