டாக்சி ஓட்டுநர் அதிரடிப் படங்களைப் பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

டாக்சி ஓட்டுநரையோ, கூலிக்கு வண்டி ஓட்டுபவரையோ நாயகனாகக் கொண்ட அதிரடிப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள், வேகத்தையும் நொறுங்கும் கார்களையும் மட்டுமே கவனித்துவிட்டு, இரண்டு மூன்று படங்களிலேயே சலித்துப்போகிறார்கள். இந்தப் படங்களுக்கு உயிர் கொடுப்பது ஓட்டுபவருக்கும் வண்டியில் ஏறுபவருக்கும் இடையில் பேசி முடிக்கப்படும் வாடகை ஒப்பந்தமே என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒப்பந்தத்தைப் பின்தொடர்ந்து படம் பார்க்கும் முறையைக் கீழே விளக்கியிருக்கிறேன். ஒரு தாளும் பேனாவும், காட்சியை நிறுத்தி மீண்டும் பார்க்கும் வசதியும் இருந்தால் போதும். எடுத்துக்காட்டுகளில் கதைத் திருப்பங்கள் சில வெளிப்படும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

படி 1: ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்

படம் தொடங்கிய சிறிது நேரத்திற்குள், யாரை ஏற்ற வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும், என்ன நிபந்தனையில் என்ற மூன்று விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பழகிக்கொள்வதற்கு ஏற்ற படம் 2002ஆம் ஆண்டில் வெளியான 'தி டிரான்ஸ்போர்ட்டர்'. ஜேசன் ஸ்டேதம் நடித்த, கூலிக்கு ஆட்களையும் பொதிகளையும் காரில் கொண்டுசேர்க்கும் பிராங்க் மார்ட்டினுக்கு மூன்று விதிகள் உண்டு: பேசிய பேச்சு மாறக்கூடாது, பெயர்கள் தெரியக்கூடாது, பொதியைத் திறக்கக்கூடாது. தொடக்கக் காட்சியில் வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடிவரும் கும்பலில், பேசிய மூன்று பேருக்குப் பதில் நான்கு பேர் இருப்பதால், அவர் வண்டியை எடுக்க மறுக்கிறார். கூடுதல் எடை தன் கணக்கைக் கெடுக்கும் என்று அவர் அமைதியாக விளக்கிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அதற்குப் பின்வரும் விரட்டுக் காட்சியை விட அந்த நிமிடங்களில்தான் பதற்றம் அதிகம்.

படி 2: ஒப்பந்தம் முறியும் இடத்தைத் தேடுங்கள்

அதிரடி எங்கே பிறக்கிறது என்பதை இந்தப் படிதான் காட்டும் என்பதால், இதற்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். பிராங்க் மார்ட்டின் தன் மூன்றாம் விதியைத் தானே மீறிப் பொதியைத் திறந்து, உள்ளே ஒரு பெண் கட்டப்பட்டிருப்பதைக் காணும் இடத்திலிருந்து அவருடைய சீரான வாழ்க்கை சிதறத் தொடங்குகிறது.

இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு, மைக்கேல் மான் இயக்கி 2004இல் வெளிவந்த 'கொலாட்டரல்'. லாஸ் ஏஞ்சல்ஸில் 12 ஆண்டுகளாக டாக்சி ஓட்டும் மேக்ஸாக ஜேமி ஃபாக்ஸும், வாடகைக் கொலைகாரன் வின்சென்டாக டாம் குரூஸும் நடித்திருக்கிறார்கள். முதல் சவாரியில் மேக்ஸும் ஒரு பெண் வழக்கறிஞரும் எந்த வழி விரைவானது என்று பந்தயம் கட்டுகிறார்கள். தான் சொன்ன வழி தாமதமானால் கட்டணம் வேண்டாம் என்கிறார் அவர். அடுத்து ஏறும் வின்சென்ட், ஐந்து இடங்களுக்குப் போய்வர 600 டாலர் தருவதாகச் சொல்கிறான். முதல் நிறுத்தத்திலேயே ஒரு பிணம் டாக்சியின் மேல் வந்து விழ, அந்தக் கணத்திலிருந்து பேசிய தொகைக்குப் பொருளே இல்லாமல் போய், ஓட்டுநர் கைதியாகிவிடுகிறார். படத்தின் பெரும்பகுதியில் வண்டி சாதாரண வேகத்தில்தான் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். மேக்ஸ் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்துச் சிவப்பு விளக்குகளைக் கடந்து வண்டியை வேண்டுமென்றே கவிழ்க்கும்போது, அந்த ஒரே விபத்து நம்மை இவ்வளவு உலுக்குவதற்குக் காரணம், அன்றிரவு அவர் தன் விருப்பப்படி வண்டியை ஓட்டும் தருணம் அது என்பதே.

ஓட்டுநர் நாயகனாக இருக்கும் எல்லாப் படத்துக்கும் இந்த முறை பொருந்தாது. 1995இல் வந்த 'பாட்ஷா'வில் ஆட்டோ ஓட்டும் வேலை மாணிக்கத்தின் பழைய வாழ்க்கையை மறைக்கும் திரையாக இருக்கிறது. மோதல் சவாரியிலிருந்து பிறப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது வேறு வகைப் படம்.

படி 3: விரட்டுக் காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள்

ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு, ஓடும் வண்டி எந்தப் பக்கம் போகிறது, துரத்துபவர் எவ்வளவு பின்னால் இருக்கிறார், தப்பிக்க எந்த வழி மிச்சமிருக்கிறது என்பதைத் தாளில் வரைய முயலுங்கள். வரைய முடிந்தால் அது நன்றாக எடுக்கப்பட்ட காட்சி. வரைய முடியாமல் படத்தொகுப்பின் வேகம் மட்டும் தெரிந்தால், இசையும் இரைச்சலும் உங்களை நம்ப வைத்திருக்கின்றன என்று பொருள்.

பிறகு ஒலியோடு மீண்டும் பாருங்கள். நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்ன் இயக்கிய 'டிரைவ்' (2011) படத்தின் தொடக்கத்தில், ரயான் கோஸ்லிங் நடித்த ஓட்டுநர், திருடிவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பிவரத் திருடர்களுக்கு ஐந்து நிமிட அவகாசம் மட்டுமே தருகிறார். காவல்துறையின் வயர்லெஸ்ஸும், ரேடியோவில் கூடைப்பந்து வர்ணனையும் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருக்க, அவர் பாலத்தடியில் பதுங்குகிறார், சிக்னலில் நிற்கிறார், ஆட்டம் முடியும் நேரத்தில் அரங்கின் வாகன நிறுத்துமிடத்திற்குள் நுழைந்து கூட்டத்தோடு கலந்துவிடுகிறார். வர்ணனை எதற்காக ஒலித்தது என்பது அப்போதுதான் புரியும்.

படி 4: ஊரைக் கவனியுங்கள்

டாக்சி ஓட்டுநரின் மூலதனம் ஊரறிவு. 1998இல் வெளியான பிரெஞ்சுப் படமான 'டாக்சி'யில் மார்செய் நகர ஓட்டுநர் டேனியல், ஜெர்மானியக் கொள்ளையரைக் கட்டி முடிக்கப்படாத மேம்பாலச் சாலைக்கு இழுத்துச்சென்று சிக்க வைக்கிறார். வண்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், இடத்தை அறிந்தவரே வெல்கிறார்.

படி 5: பார்க்கும் வரிசை

எளிதான 'டாக்சி'யில் தொடங்கி, 'தி டிரான்ஸ்போர்ட்டர்', 'கொலாட்டரல்' என்று போகலாம். அடுத்து, வால்டர் ஹில் இயக்கிய 'தி டிரைவர்' (1978) படத்தையும் 'டிரைவ்' படத்தையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். இரண்டிலும் நாயகனுக்குப் பெயர் கிடையாது. முன்னதில், தன் திறமையைச் சந்தேகித்தவர்களின் மெர்சிடிஸ் காரை வாகன நிறுத்துமிடத்தின் தூண்களில் இடித்து இடித்து அவர் சிதைக்கும் காட்சியை, துரத்தல் இல்லாத அதிரடிக்கு எடுத்துக்காட்டாகக் குறித்துவையுங்கள்.

கடைசியாக, தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் 1980இல் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த மக்கள் எழுச்சியைப் பின்னணியாகக் கொண்ட கொரியப் படமான 'எ டாக்சி டிரைவர்' (2017). 100,000 வோன் (கொரிய நாணயம்) கூலிக்காக ஒரு ஜெர்மானியப் பத்திரிகையாளரை ஏற்றிச்செல்லும் சியோல் ஓட்டுநர், அவரை விட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு, பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார். மற்றப் படங்களில் ஒப்பந்தம் முறிவதால் அதிரடி பிறந்தது. இங்கே ஏற்றிய பயணியை ஊர் சேர்ப்பேன் என்று ஓட்டுநர் மீண்டும் தாமாகவே ஏற்றுக்கொள்வதால் பிறக்கிறது. முதல் ஐந்து படங்களுக்கும் நீங்கள் எழுதிய குறிப்புகளை எதிரில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது நல்லது.