மரம் வெட்டிக் காசு சேர்ப்போம்: ரூன்ஸ்கேப்பில் புதிதாக இறங்குபவர்களுக்கு

அட்டன், கொட்டகலைப் பக்கம் போனில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை ஆடத் தொடங்கும் தம்பிமார் முதலில் கேட்பது, "அண்ணே, இதுல சல்லி எப்படிச் சேர்க்கிறது?" என்றுதான். சண்டை போட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்றில்லை. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கத்தில் தாது எடுக்கலாம். மூன்றுமே இலவசக் கணக்கில் உண்டு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது கேமுக்குள் செல்லும் காசைப் பற்றி. அதை வெளியே ரூபாய்க்கு விற்பதும் வாங்குவதும் விதிப்படி தடை. பிடிபட்டால் கணக்கே போய்விடும்.

படி 1: விற்கும் உரிமையைத் திறந்துகொள்ளுங்கள்

புது இலவசக் கணக்கை, பொறுக்கிச் சேர்க்கும் பொருட்கள் பலவற்றை ஆட்டக்காரர்கள் வாங்கி விற்கும் சந்தையில் விற்க விடாது. பாட் (தானாக ஆடும் புரோகிராம்) ஓட்டுபவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்தத் தடை நீங்க 10 குவெஸ்ட் பாயிண்ட் (கேம் தரும் கதைப் பணிகளை முடித்தால் கிடைக்கும் புள்ளி), எல்லாத் திறன்களின் லெவலையும் கூட்டினால் வரும் மொத்த லெவல் 100, அதோடு குறிப்பிட்ட மணிநேரம் ஆடியிருக்க வேண்டும். குவெஸ்டுக்குக் குறுக்குவழி இருக்கிறது: 'ரோமியோ அண்ட் ஜூலியட்' 5 பாயிண்ட், 'கோப்ளின் டிப்ளமசி' 5 பாயிண்ட். இரண்டையும் முடித்தால் பத்து வந்துவிடும். முதலாவதில் சண்டையே கிடையாது, அங்குமிங்கும் நடந்து பேசினால் போதும்.

படி 2: தொழிலைத் தேர்ந்தெடுங்கள்

நம் பக்கத்துக்கு மரம் வெட்டுவதுதான் சரி என்பது என் கட்சி. காரணம் சிக்னல். மழை பிடித்தால் போனில் ஒரு கோடுதான் நிற்கும். இரும்புத் தாது எடுக்க ஒவ்வொரு கல்லாக வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லேக் அடித்தால் வேலை கெட்டது. பெரிய மரத்தை ஒரு தடவை தட்டினால் கொஞ்ச நேரம் தானாக வெட்டிக்கொண்டிருக்கும். மீனும் பரவாயில்லை. ஆனால் லெவல் 40இல் வரும் லாப்ஸ்டருக்குக் கரம்ஜா தீவுக்குப் போக வேண்டும். படகுக்கு 30 காசு, திரும்பவும் அதே.

படி 3: லெவல் ஏற்றுங்கள்

சாதாரண மரம், 15இல் ஓக், 30இல் வில்லோ. டிரேனர் கிராமத்து வில்லோக்கள், பொருட்களைப் போட்டு வைக்கும் கேம் வங்கிக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. வில்லோக் கட்டைக்குப் பெரிய விலை இல்லை, அதைப் பயிற்சியாக நினைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே கோடரியை மாற்றுங்கள்: 6இல் ஸ்டீல், 21இல் மித்ரில், 31இல் அடமண்ட், 41இல் ரூன். பழைய கோடரியோடு மல்லுக்கட்டுவது வீண்.

60இல் யூ மரம் திறக்கும். எட்ஜ்வில் வங்கிக்குத் தெற்கே சில யூ மரங்கள் உண்டு. வடக்கே இருக்கும் பள்ளத்தை மட்டும் தாண்டாதீர்கள். அந்தப் பக்கம் வில்டர்னஸ், மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம்.

படி 4: நடையைக் கணக்கில் எடுங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். பையில் 28 இடம்தான். நிரம்பியதும் வங்கிக்கு நடக்க வேண்டும். ஆகவே ஒரு கட்டையின் விலையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். வெட்டும் நேரம், நடக்கும் நேரம் இரண்டையும் சேர்த்து ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள். விலை குறைந்த பொருள் வங்கி வாசலிலேயே கிடைத்தால் சில நேரம் அதுவே கூடுதல். மரத்தடியில் கூட்டமாக இருந்தால் நின்று போட்டி போடாமல் வேறு வேர்ல்டுக்கு (அதே கேம் ஓடும் இன்னொரு சர்வருக்கு) மாறுங்கள்.

படி 5: யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு விற்பது

யூ கட்டைக்கு ஏன் கிராக்கி? கட்டணம் கட்டி ஆடும் உறுப்பினர்கள் அதில் வில் செய்து ஃபிளெட்சிங் (வில், அம்பு செய்யும் திறன்) லெவல் ஏற்றுகிறார்கள். அவர்கள் காசு கொடுப்பது பொருளுக்கு மட்டுமல்ல, அதைப் பக்குவப்படுத்தும்போது கிடைத்து லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளிக்கும்தான். அதனால்தான் பச்சை மீனைவிடச் சமைத்த மீன் விலை குறைவாகக் கிடக்கும் வேடிக்கையும் நடக்கிறது. எதையும் பக்குவப்படுத்துமுன் இரண்டு விலையையும் பாருங்கள்.

விற்கும் இடம் வாரொக் நகரத்துக்கு வடமேற்கே உள்ள கிராண்ட் எக்ஸ்சேஞ்ச். இலவசக் கணக்குக்கு 3 இடம், அதாவது ஒரே நேரத்தில் மூன்று பேரம்தான் போட்டு வைக்கலாம். அங்கே காட்டும் விலை ஒரு மதிப்பீடு மட்டுமே. அவசரமில்லை என்றால் சற்றுக் கூட்டிப் போட்டுவிட்டு மரத்துக்குத் திரும்புங்கள். விற்றதில் 2 சதவீதம் வரியாகப் போகும், கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிற மாதிரி. இங்கே கழிவு எவ்வளவு என்று முன்னாடியே தெரியும், அதுவரைக்கும் சந்தோஷம். 300 காசுக் கட்டைக்கு 6 காசு போகும். 50 காசுக்குக் கீழே விற்கும் பொருளுக்கு வரியில்லை.

அங்கே நின்றுகொண்டு "உன் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று கத்துபவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அத்தனையும் ஏமாற்று.

சேர்த்ததை என்ன செய்வது?

முதல் செலவு நல்ல கோடரி. அப்புறம் பாண்ட். அதையும் அதே சந்தையில் கேம் காசுக்கு வாங்கலாம். ஒன்றுக்கு 14 நாள் உறுப்பினர் உரிமை கிடைக்கும். விலை கோடிக்கணக்கில் போவதால் வெறும் யூ மரத்தை நம்பிக் கிட்ட நெருங்க வெகு நாளாகும். வாங்கினால் லீவு நாட்களில் வாங்குங்கள். தவணைப் பரீட்சை வாரத்தில் வாங்கினால் அந்த 14 நாளும் போனைத் தொடாமலே கரைந்துவிடும்.